பாலைவனத்துல கொக்கு பார்க்க ஒரு இடம்

அமெரிக்காவுல இருக்கற நியூ மெக்சிகோ மாநிலம்னா வறண்ட மண்ணும் முள்ளுச்செடியும்தான்னு நினைப்போம், ஆனா ரியோ கிராண்டே ஆத்தோரமா போஸ்கே டெல் அப்பாச்சேன்னு ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கு, 1939ல ஆரம்பிச்சது, குளிர்காலத்துல அங்க போய் நின்னா கண்ணை நம்ப முடியாது.

விடியறதுக்கு முன்னாடியே போயிடணும். செம குளிர், கையுறை இல்லாம பைனாகுலர் பிடிக்கவே முடியாது. வெளிச்சம் வர்ற நேரத்துல ஸ்னோ கூஸ்ங்கற வெள்ளை வாத்துக் கூட்டம் மொத்தமா ஒரே சத்தத்தோட எழும்பும், எல்லாரும் கேமராவோட அதுக்குத்தான் காத்துட்டு இருப்பாங்க. எனக்கு என்னமோ அதுக்கப்புறம் நடக்கறதுதான் பிடிக்கும். சாண்ட்ஹில் கிரேன்ங்கற பெரிய சாம்பல் நிறக் கொக்குங்க ராத்திரி முழுக்க ஆழமில்லாத தண்ணியில நின்னுட்டே தூங்கும், கயோட்டி (நரி மாதிரி ஒரு மிருகம்) வந்தா தண்ணி சத்தம் காட்டிக் கொடுத்துடும்ல. காலைல அவசரமே படாம அப்பா அம்மா குட்டின்னு குடும்பம் குடும்பமா கிளம்பும். கழுத்தை முன்னாடி நீட்டி சாய்ஞ்சுதுன்னா பறக்கப் போகுதுன்னு அர்த்தம், உடனே கேமராவைத் தூக்கிடுங்க. தலையில சிவப்பு இல்லாம பழுப்பா இருந்தா அது அந்த வருஷக் குட்டி.

இன்னொண்ணு, இது எல்லாம் தானா நடக்கறது இல்ல. ஆத்துல அணை வந்து பழைய வெள்ளம் நின்னு போச்சு, அதனால இப்ப வாய்க்காலும் மதகும் வச்சு ஆளுங்களே குளத்தை வத்த விட்டு பறவைக்குத் தீனியா செடி வளர்த்து, பறவை வர்ற சீசனுக்கு தண்ணி நிரப்பறாங்க. போறதா இருந்தா டிசம்பர் பெஸ்ட்.