சிவப்புப் பட்டை

குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டை எதிர்த்து நடக்கும் தொண்டுப் பணிகளில் என்னை மிகவும் கவர்ந்த கருவி, மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடாதான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் கைச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்புப் பட்டை தெரியும். எழுத்தறியாத தாயும் ஆபத்தை உடனே கண்டுகொள்வார்.

சிகிச்சைக்குத் தரப்படும் வேர்க்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துகள் கலந்த 92 கிராம் பொட்டலம் சுமார் 500 கலோரி தருகிறது. அதில் தண்ணீர் கலக்கவோ அதைச் சமைக்கவோ தேவையில்லை என்பதால், வேறு நோய்ச்சிக்கல் இல்லாத குழந்தையை வீட்டிலேயே தேற்றிவிடலாம். ஆனால் பசித்த வீட்டில் அது நோயுற்ற குழந்தைக்கு மட்டுமே போய்ச் சேரும் என்று நம்புவது (பிரிக்கும்போது அண்ணனும் அக்காவும் பார்த்துக்கொண்டுதானே நிற்பார்கள்?) அப்பாவித்தனம். ஆகவே, குடும்பத்துக்கும் சேர்த்து உணவு வழங்கும் அமைப்புகளுக்கே நான் நன்கொடை அளிக்கிறேன்.