மீன்பயில் பள்ளமும் தேன்பயில் பொதும்பும்

நான் படித்தது கல்வெட்டியல். வேலை கிடைத்ததோ கண்மாய்களைச் சீரமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்கள்தான் என் களம். பதினொரு வருடம் ஓடிவிட்டது. சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை எளிது. கண்மாயில் மண் எடுக்கப் போகும் முன், பழைய கல் ஏதாவது நின்றால் படம் பிடிக்க வேண்டும், எழுத்து இருந்தால் படி எடுக்க வேண்டும், ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பொறியாளர் பாடு, பொக்லைன் பாடு.

முதல் கண்மாயிலேயே பெரிய தவறு நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

கரையை ஒட்டி, தண்ணீர் நிற்கும் உள்வாய்ப் பக்கம் இரண்டு கல்தூண்கள் நின்றன. ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். நடுவே குறுக்குக் கற்கள். குமிழித்தூம்பு என்போம். தூண்களுக்கு அடியில், தரையோடு தரையாக ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் வட்டமாக ஒரு துளை, அதுதான் நீரோடித் துளை. தொட்டியின் பக்கவாட்டில், தரைமட்டத்தில் சின்னச் சின்னத் துளைகள், அவை சேறோடித் துளைகள். மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கும். அந்த இழுப்பில் அடியில் கிடக்கும் வண்டலும் பக்கத் துளைகள் வழியாகப் புகுந்து, கரைக்கு அடியில் ஓடும் கல்வாய் வழியே வயலுக்குப் போகும். பாசனமும் தூர்வாரலும் ஒரே நேரத்தில். கண்மாய் நிறைந்திருக்கும்போது ஆள் முங்கிப் போய்த்தான் கல்லை இழுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார்.

தூணில் எழுத்து இருந்தது. தூரிகையால் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தேன். அறிக்கை எழுதினேன். வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனால் ஒரு தூண் இல்லை. தொட்டி கரைமண்ணுக்குள் போய்விட்டது. “வழியில நின்னுச்சு” என்றார் வண்டி ஓட்டுநர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கல் எதற்கு என்று ஒப்பந்ததாரர் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் அறிக்கையில் எழுத்தின் காலம் இருந்தது, வாசகம் இருந்தது. தூம்பு எந்த மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

சீமைக் கருவேலத்தை எடுக்கிற சாக்கில் நாட்டுக் கருவேலத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டார்கள். உள்வாய் முழுக்க ஒரே ஆழம், ஒரே மட்டம். அந்த ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்ததைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நத்தைகுத்தி நாரை வந்து நிற்க முழங்கால் அளவுத் தண்ணீர் எங்கும் இல்லை. கூடு கட்ட மரமும் இல்லை. தையிலேயே தண்ணீர் வேகமாக இறங்க ஆரம்பித்துவிட்டது. மாசிக்குள் அடி தெரிந்தது.

அந்த ஊர் நீர்க்கட்டி அப்போது எழுபதைத் தாண்டியவர். கரையில் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் ஐயா, இவ்வளவு சீக்கிரம் வத்திப்போச்சு?” என்று கேட்டேன்.

“குமிழி எந்த மட்டத்துல உக்காந்திருக்குன்னு பாத்துட்டுத்தான் தாயி தோண்டணும். அதுக்குக் கீழ களி. களிக்குக் கீழ சரளை. களியக் கீறிட்டா அப்புறம் கண்மா என்ன, ஓட்டப்பானைதான்.”

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் படி எடுத்த கல்லில் எழுத்து மட்டும் இல்லை. கண்மாயின் அளவே அதில் இருந்தது. தொட்டியின் அடி, கண்மாயின் பழைய தரை. உபரிநீர் வழியும் கலிங்கின் தலை, தண்ணீர் நிற்கக்கூடிய உச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மீனும் நத்தையும் கோரையும் பறவையும் பல நூறு வருடமாகப் பிழைத்து வந்திருக்கின்றன. இந்த இரண்டு மட்டத்தையும் தொலைத்துவிட்டுச் சீரமைப்பு என்று இறங்கினால், நாம் வெட்டுவது புதிதாக ஒரு பள்ளம். கண்மாய் திரும்பி வராது.

அடுத்த கண்மாயில் நாங்கள் வேலை செய்த விதமே மாறியது. முதலில் தூம்பைச் சுற்றிக் கையால் மண்ணை எடுத்தோம். தொட்டியின் அடிமட்டத்தை அளந்து, அதையே பூச்சியமாக வைத்து, உள்வாயில் ஏழெட்டு இடத்தில் சோதனைக் குழி போட்டோம். ஒரு குழியை நன்றாக நினைவிருக்கிறது. மேலே வெளுத்த வண்டல், பிளாஸ்டிக் கிழிசல்களோடு. அதற்குக் கீழே கறுத்த வண்டல், நத்தை ஓடுகள் வரிசை வரிசையாக. அதற்கும் கீழே, மண்வெட்டி பட்டதும் சோப்பு மாதிரி வழுவழுப்பாக வெட்டுப்பட்ட களி. களியின் தலை ஏறக்குறைய தூம்பின் அடியோடு சமமாக இருந்தது. பொறியாளர் குழிக்குள் இறங்கி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வரைபடத்தை அங்கேயே திருத்தினார். மண் எடுப்பது களிக்கு மேலே நின்றது. கரைப்பக்கம் ஆழம், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் பக்கம் போகப் போகச் சரிவாக மேடு. நாட்டுக் கருவேலம் இருந்த திட்டுகளைத் தொடவில்லை. மூன்றாவது வருடம் அந்தத் திட்டில் நீர்க்காகம் கூடு வைத்தது. மேட்டுப்பக்கம் பவளக்காலிப் பறவைகள் நடந்தன.

சரி, ஒரு கண்மாயின் அளவு கல்லில் இருக்கிறது. அதைச் சுற்றி என்னென்ன இருந்தன என்பதற்குச் செப்பேடுகளைத்தான் பார்க்க வேண்டும். சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது எல்லை சொல்லிவிட்டு, அதற்குள் அடங்கியவற்றை வரிசையாகச் சொல்வார்கள். கன்றுமேய்பாழ், குளம், கேணி, புற்று, காடு, களர், ஆறு, ஆறிடு படுகை, மீன்பயில் பள்ளம், தேன்பயில் பொதும்பு, மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு. அப்புறம் ‘உடும்போடி ஆமை தவழ்ந்தது’ என்றும் வரும். உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் அந்த ஊருக்குள் சேர்த்தி. கல்லூரியில் இதை அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி மாதிரி ஒரு வாய்பாடு என்று தாண்டிப் போனோம். வாய்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர்கள் கன்று மேயும் பாழ் நிலத்தை வெற்றிடம் என்று விட்டுவிடவில்லை. பெயர் வைத்து, கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இன்றைக்கு நம் கோப்புகளில் அதே நிலம் ‘தரிசு’. சூரிய ஒளிப் பலகை போடவோ மனை பிரிக்கவோ முதலில் கைவைப்பது அங்கேதான். புற்றை இடித்துச் சமப்படுத்துவதை நாம் மேம்பாடு என்கிறோம்.

அதனால் இப்போது ஊர்க்கூட்டத்தில் நான் இந்த வரிசையை வாசிக்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்லி, “இது நம்ம ஊர்ல எங்கே இருக்கு?” என்று கேட்பேன். பெண்கள்தான் முதலில் பதில் சொல்வார்கள். மீன்பயில் பள்ளம் என்றதும், மடையடிக் கிடங்கில்தான் கோடையில் விராலும் கெளுத்தியும் ஒதுங்கும் என்பார்கள். தேன்பயில் பொதும்பு என்றதும், அய்யனார் கோயில் காட்டைக் காட்டுவார்கள். வீரை, காசா, உலக்கைப் பாலை மரங்கள் அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன. இந்தப் பகுதியில் இயற்கையாக வளரும் காடு எப்படி இருந்திருக்கும் என்பதற்குக் கோயில் காடுகளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கரையில் நட நாற்றங்கால் போட விதையும் அங்கேயிருந்துதான் எடுக்கிறோம்.

பழைய ஆவணம் உயிர்களைக் காப்பாற்றுவது புதிய சங்கதியும் இல்லை. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, செங்கல்பட்டுக் கலெக்டரிடம் 1798இல் எழுத்து வாங்கி வைத்தார்கள். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் குடைவரையும் உள்ள மலையில்தான் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் வாழ்கின்றன. மலையைச் சுற்றிச் சுனைகள், ஏரிகள். 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் சொச்சத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது கல்வெட்டையும் பறவையையும் சேர்த்தே சொன்னார்கள். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டார்கள். அவர்கள் கையில் மலையின் வரலாறும் இருந்தது, உயிர்ப்பட்டியலும் இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் இனிப்பு வாங்கினோம்.

எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகும் என்று சொல்ல மாட்டேன். கோயில் விமானத்தில் முளைத்த அரசங்கன்றை எடுக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வளர விட்டால் கல்லைப் பிளந்துவிடும். மனசு கேட்காது, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் கண்மாய்க்கு வருகிறேன். போன வருடம் கரையைப் பலப்படுத்தும்போது, புதைந்த தொட்டியும் விழுந்த தூணும் கிடைத்தன. தூண் இரண்டு துண்டு. ஊர்க்காரர்களே வடம் போட்டு இழுத்து, கரையோரம் நிறுத்தினார்கள். அந்த நீர்க்கட்டி இப்போது இல்லை. அவர் பேரன்தான் வடத்தின் முன்பக்கம் பிடித்தான்.

நிறுத்திய பிறகுதான் தூணின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அன்றைக்கு முன்பக்கம் மட்டும்தான் படி எடுத்திருந்தேன். பின்பக்கம் இரண்டு வரி. ‘இத்தன்மம் காத்தான் ஸ்ரீபாதம்’ என்பது வரை தெளிவு. இதைக் காப்பவர் காலடி என் தலைமேல் இருக்கட்டும் என்று தூம்பு செய்வித்தவர் வேண்டிக்கொள்ளும் வழக்கமான வாசகம். மிச்சத்தைப் படிக்கப் போன மாதம் தாளும் மையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுத்துக் குழிகளின் மேல் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. ஐந்து அறை, ஆறாவதற்கு வாயில் ஈரமண்ணோடு வந்து வந்து போனது.

பேரன் குச்சியை எடுத்தான். “தட்டிவிடவா அக்கா?”

வேண்டாம் என்றேன். குஞ்சு வெளியேற மூன்று வாரமோ நாலு வாரமோ ஆகும். தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கலிங்கின் மட்டத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்பினேன்.