அம்பாசிடர் எஞ்சின் பிளாக்கை வீட்டிலேயே கழுவுதல்

பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டபின் செலவுக் கணக்கு எழுதிப் பார்த்தால், ரீபோர் (தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) கூலி, பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கட் ஆகியவற்றில் குறைப்பதற்கு அதிகம் இருக்காது. பணத்துக்கு ஈடாக உடலுழைப்பைக் கொடுக்கக்கூடிய வேலை, சிலிண்டர்கள் அடங்கிய எஞ்சின் கூடான பிளாக்கைக் கழுவுவது ஒன்றுதான். எங்கள் வீட்டு அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, லேத் பட்டறைக்குக் கொடுக்கும் பணம் கடைசலுக்கும் அளவெடுப்பதற்கும் மட்டுமே போக வேண்டும், அழுக்கெடுப்பதற்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இந்த எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் வகையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர், கிராங்க் ஷாப்ட்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங், பிளாக் முழுவதும் வார்ப்பிரும்பு. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டோடு கார் உற்பத்தி நின்றுவிட்டாலும், இதற்கான உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. வார்ப்பிரும்பு என்பதுதான் நமக்குச் சாதகமான செய்தி, ஏனெனில் மலிவான காஸ்டிக் சோடாவை அது தாங்கும். அலுமினியப் பாகம் எதையும் அந்தக் கரைசலில் போடக் கூடாது. ஹைட்ரஜன் வாயுவைக் கக்கியபடி அலுமினியம் அரிபட்டுப் போகும்.

கழுவுதல் இரண்டு முறை நடக்க வேண்டும் என்பதையும், இரண்டின் நோக்கமும் வேறு என்பதையும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் கழுவுதல், அந்த பிளாக்குக்கு மேற்கொண்டு பணம் போடலாமா என்று தெரிந்துகொள்வதற்கானது. இரண்டாவது, ரீபோர் முடிந்து வந்தபின், எஞ்சின் நீடித்து உழைப்பதற்கானது. பலர் முதலாவதைப் பளபளப்புக்காகச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அதைவிட, வெளிப்புறத்தைக் கழுவாமலே விட்டிருந்தாலும் பாதகமில்லை.

பிளாக்கை மொட்டையாக்குவதுதான் தொடக்கம். மெயின் பேரிங் கேப்களில் எது எந்த இடத்தது, எந்தப் பக்கம் பார்த்தது என்று குறியிட்டுக்கொள்ள வேண்டும். அவை அந்தந்த இடத்திலேயே பூட்டிக் கடையப்பட்டவை, இடம் மாறினால் பொருந்தாது. பக்கவாட்டு ஓட்டைகளை மூடியிருக்கும் வட்டத் தகடுகளான வெல்ச் பிளக்குகளையும், பிளாக்கின் நீளவாக்கில் ஓடும் பிரதான ஆயில் துளையின் இரு முனை அடைப்புகளையும் கழற்றியே ஆக வேண்டும். அடைப்பு வர மறுக்கிறது என்பதற்காக அதை அப்படியே விட்டுக் கழுவினால், கரைந்த கசடு முழுவதும் அதன் பின்னால்தான் போய் ஒதுங்கும். காம் ஷாப்ட் புஷ்களையும் எடுத்துவிட வேண்டும், அவற்றின் மென்மையான உலோகம் சூடான காஸ்டிக்கில் கெட்டுவிடும்.

அடுத்து, சுரண்டல். கிரீஸும் மண்ணும் சேர்ந்து இறுகிய மேலோட்டைப் பட்டி பிளேடாலும் பழைய ஸ்க்ரூ டிரைவராலும் எடுப்பதற்குக் காசு தேவையில்லை. இதைப் பொறுமையாகச் செய்தால் டீசல் செலவு பாதியாகக் குறையும். ரேஷன் மண்ணெண்ணெயை நம்பியிருந்த காலம் போய்விட்டது. டீசலோ லிட்டர் நூறு ரூபாயை நெருங்கி நிற்கிறது. ஆகவே டீசலை ஊற்றிக் கழுவாமல், பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, வழிவதைத் தட்டில் பிடித்து, கசடு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மறுபடியும் பயன்படுத்தினேன். துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்டை விடச் சிறந்தது எதுவுமில்லை. வெள்ளை நிறத்தையே கேட்டு வாங்குங்கள்; அழுக்கு இன்னும் இருக்கிறதா என்பதை நிறத்துணி காட்டிக்கொடுக்காது.

காஸ்டிக் வேலைக்கு, காயலான் கடையில் வாங்கிய 200 லிட்டர் இரும்பு டிரம்மை நீளவாக்கில் பிளந்து, பாதியைத் தொட்டியாக்கிக் கீழே விறகு மூட்டினோம். லிட்டருக்கு 50 கிராம் அளவு போதும், கொதிக்க வைக்கவும் தேவையில்லை. கை வைக்க முடியாத சூட்டில் பல மணி நேரம் ஊறினால் கரி, பழைய பெயின்ட், இறுகிய ஆயில் எல்லாம் இளகிவிடும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சூட்டில் பொங்கி முகத்தில் தெறிக்கும். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, பக்கத்தில் வாளி நிறையச் சுத்தமான தண்ணீர் ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிளாக்கை இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் இரண்டு பேரும் ஒரு சங்கிலியும் வேண்டும். ஊறியதை மினி வேனில் ஏற்றி வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு துளைக்குள்ளும் அழுத்தமாகத் தண்ணீர் அடித்தோம்.

நம் ஊர் எஞ்சின்களுக்கென்றே உள்ள நோய் ஒன்று, சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உள்ளறையான வாட்டர் ஜாக்கெட்டில் இருக்கிறது. கூலன்ட் என்ற பேச்சே இல்லாமல் பல்லாண்டு காலம் போர்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியதால், உள்ளே உப்புப் பொருக்கும் துருச்சேறும் கெட்டிப்பட்டிருக்கும். தண்ணீர் வடிக்கும் குழாயைத் திறந்தும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் அதன் பின்னால் சேறு அடைத்திருக்கிறது என்று பொருள். பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றித்தான் இது அதிகம். முதலில் வெல்ச் பிளக் ஓட்டைகள் வழியாக வளைத்த கம்பியால் குத்திக் கிளறி எடுக்க வேண்டும். பேட்டரி சார்ஜரும் சலவை சோடாவும் கொண்டு மின்சாரத்தால் துரு எடுக்கும் முறை வெளிப்புறத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் எதிரே உள்ள இரும்புத் தகட்டை நோக்கிய பரப்பில்தான் அதன் வேகம். வளைந்து நெளிந்த உட்பகுதிக்குள் அது சரியாக எட்டாது. ஆகவே கீழ் ஓட்டைகளை ரப்பர் கார்க்கால் அடைத்துவிட்டு, கெமிக்கல் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து ஜாக்கெட்டுக்குள் மட்டும் நிரப்பினேன். நுரைத்துக்கொண்டு உப்பு கரைவது கண்ணுக்கே தெரியும். நுரை அடங்கியதும் வடித்துவிட வேண்டும், நெடுநேரம் விட்டால் அது இரும்பையும் தின்னத் தொடங்கும். பிறகு சலவை சோடா கரைசலால் அலசினால் மிச்சமுள்ள அமிலம் முறிந்துவிடும்.

இப்போதுதான் பிளாக்கைச் சோதிக்கும் நிலை வருகிறது. ஹெட் அமரும் பரப்பு, சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதி, ஸ்டட் துளைகளின் ஓரம் ஆகிய இடங்களில் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். அழுக்கு இருந்த பிளாக்கில் இந்தச் சோதனையே நடக்காது. ரீபோர் செய்து பிஸ்டனும் வாங்கியபின் விரிசலைக் கண்டுபிடிப்பவருக்கு, சேமித்த கழுவுக் கூலி எந்த ஆறுதலையும் தராது.

மரைத் துளைகளுக்குச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. அதே அளவுள்ள பழைய போல்ட்டின் மரையில் நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடால் காடி அறுத்துக்கொண்டு, ஆயில் விட்டுத் திருகி இறக்கினால் அழுக்கைச் சுரண்டிக்கொண்டு வரும். இந்த எஞ்சினின் மரைகள் அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. கையில் கிடைத்த மில்லிமீட்டர் டேப்பை விட்டால் மரை பாழ்.

ரீபோர் முடிந்து வந்த பிளாக் பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக இருக்கும். அந்தத் தோற்றத்தை நம்பவே கூடாது. சிலிண்டர் சுவரைத் தேய்த்து முடிக்கும் ஹோனிங் கல் உதிர்த்த கண்ணுக்குத் தெரியாத தூள், சிலிண்டர் சுவரின் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பெட்ரோலாலோ டீசலாலோ துடைத்தால் இடம் மாறுமே தவிர வெளியேறாது. வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் பிரஷ்ஷும்தான் அதைத் தூக்கி வெளியே கொண்டுவரும். மொத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவுள்ள கட்டம் இதுதான், இதில்தான் நான் அதிக நேரத்தைச் செலவிட்டேன். ஆயில் துளைகளுக்கு, பழைய கிளட்ச் ஒயரின் நுனியைப் பிரித்து விரித்துவிட்டால் நீண்ட பிரஷ் கிடைத்துவிடும். பிரதான துளையிலிருந்து ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் காம் ஷாப்ட்டுக்கும் போகும் கிளைத் துளைகளில் தனித்தனியாக அதை விட்டு இழுத்து, ஒரு முனையில் சோப்பு நீரை ஊற்றி மறுமுனையில் தெளிவாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கட் பரப்பைத் துலக்குவதற்கு அடுப்படி ஸ்கிரப்பரை எடுக்காதீர்கள். அதிலிருந்து உதிரும் அரத்தூள் ஆயிலோடு போய்ப் பேரிங்கைக் கடித்துவிடும்.

கழுவிய வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே செம்மை தட்டத் தொடங்கும். கடைசி அலசலை வெந்நீரில் செய்தால் இரும்பு தானே சூடேறி விரைவாக உலரும். மிச்சத்துக்குப் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்று போதும். உடனே ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் சிலிண்டர்களைத் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வந்தால் தூள் இன்னும் இருக்கிறது. மறுபடியும் சோப்புத் தண்ணீர்தான். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை இதை விடக் கூடாது.

வெல்ச் பிளக்குகளைப் புதிதாகவே போட வேண்டும், பித்தளையில் கிடைத்தால் இன்னும் நல்லது. அவற்றையும் ஆயில் துளை அடைப்புகளையும் பொருத்தியபின், கடைந்த பரப்புகள் அனைத்திலும் ஆயில் தடவி, பிளாக்கைத் தடித்த பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டி வைத்திருக்கிறேன். கிராங்க் ஷாப்ட் கிரைண்டிங் முடிந்து வரவேண்டியது பாக்கி.