சாப்பாட்டு நாட்குறிப்பில் ஒரு திகதி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் நடத்திவரும் சிறுவர் இல்லத்தின் அலுவலக மேசையில் ஒரு தடித்த நாட்குறிப்பு எப்போதும் விரிந்தே கிடக்கும். எந்த நாளின் மதியச் சாப்பாட்டை யார் பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்று அதில் எழுதிவைப்போம். பிறந்தநாள், திருமண நாள், தாய் தகப்பனின் நினைவு நாள் என்று ஏதாவது ஒன்றை முன்னிட்டுச் சோறும் கறியும் தருபவர்களால்தான் இங்கே பல நாட்கள் உலை கொதிக்கிறது. 2022இல் எரிவாயுவுக்காக ஊரே வரிசையில் நின்றபோது நாங்கள் முற்றத்தில் விறகடுப்பு மூட்டினோம்; அந்த மாதங்களிலும் தங்கள் வீட்டுச் சமையலைக் குறைத்துக்கொண்டு எங்களுக்குக் கொண்டுவந்தவர்களை நான் மறக்க மாட்டேன்.

அப்படியிருந்தும், பிள்ளைகளுக்கு முன்னால் கேக் வெட்டுவதையும் படம் எடுப்பதையும் நான் நிறுத்திவிட்டேன். சிலருக்கு அது மனவருத்தம். ஆனால் தான் பிறந்த நாள் எதுவென்றே அறியாத ஒரு பிள்ளையைக் கைதட்டிப் பாட வைப்பது எவ்வளவு கொடுமை என்பதை எனக்கு ஒரு பையன்தான் உணர்த்தினான்.

கோட்டை ரயில் நிலையத்தைச் சுற்றித் திரிந்தவன் அவன். யாரோ ஒருவர் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார். வழியில் கண்ட பிள்ளையை நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து விட முடியாது என்றால் கோபிப்பவர்கள் உண்டு. சிறுவர் நலனைப் பார்க்கும் அரச நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையும் நீதவானின் கட்டளையும் இல்லாமல் ஒரு பிள்ளையை வைத்திருக்க எங்களுக்கு உரிமையில்லை. அந்த ஒழுங்கு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். நாம் இரக்கப்பட்டுக் கூட்டிவரும் பிள்ளையை எங்கேயோ ஒரு தாய் தேடி அழுதுகொண்டிருக்கலாம். எங்களிடம் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதல் இரவு அவன் கட்டிலில் படுக்கவில்லை. கதவோரம் சுவரில் சாய்ந்து, இரண்டு செருப்புகளையும் முழங்கை வரை கைகளில் மாட்டிக்கொண்டு தூங்கினான். புறக்கோட்டை நடைபாதையில் கழற்றி வைத்த செருப்பு விடியும்போது இருக்காது என்று பிறகொரு நாள் சொன்னான். அந்தச் செருப்புகள் கட்டிலுக்குக் கீழே போய்ச்சேர மூன்று கிழமை எடுத்தது.

சோறும் பாயும் கொடுத்துவிடலாம், கடினமானது கடதாசி. ஒரு பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அவன் பதியப்பட்டானா, பதியப்பட்டிருந்தால் எந்த ஊரில் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தாயின் பெயரும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் அவள் தன்னை மடியில் வைத்திருந்ததும்தான். கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது நல்ல விடயம். ஆனால் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டாலும், நாளைக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத அவனுக்கு வழி, வயதை மதிப்பிட்டுப் பிறந்த திகதியொன்றோடு தரும் உத்தேச வயதுச் சான்றிதழ்தான். பதிவேடுகளில் தேடி, இல்லை என்று எழுத்தில் வாங்கி, பல்லையும் மணிக்கட்டு எக்ஸ்ரேயையும் பார்த்து வைத்தியர் வயதைக் கணிக்கும்வரை அலைந்தோம். தாயின் பெயர் தமிழில் ஒருவிதமாகவும் சிங்களத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்ததற்காக ஓர் அலுவலகத்தில் கோப்பு நான்கு மாதம் அசையாமல் கிடந்தது. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

சான்றிதழ் வந்த அன்று அவன் திகதியை விரலால் தொட்டு இரண்டு தரம் வாசித்தான். பிறகு அலுவலகத்துக்குப் போய் நாட்குறிப்பைப் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தான். அது வெறுமையாக இருந்தது.

"அன்ரி, இந்த நாளை வேற ஒருத்தருக்கும் குடுத்திடாதீங்க" என்றவன், பேனையை வாங்கித் தன் பெயரை அதில் எழுதினான்.