ஆங்கிரின்-ஜி: வரைந்து, அழித்துப் படியுங்கள்

முதுகலை வாய்மொழித் தேர்வில், நியூரானின் (நரம்புச் செல்லின்) நீண்ட இழையான ஆக்ஸானில் இருக்கும் ஆங்கிரின்-ஜி என்ற புரதம் பற்றிக் கேட்டார்கள். எதெல்லாம் அதனுடன் பிணைகிறது என்று மளமளவென ஒப்பித்தேன். "சரி, அதை எடுத்துவிட்டால் ஆக்ஸான் என்ன ஆகும்?" என்றார் தேர்வாளர். வாயடைத்து நின்றேன். நெட் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.

நீங்களும் ஒரு தாளில் நியூரானை வரையுங்கள். செல் உடலிலிருந்து ஆக்ஸான் கிளம்பும் இடத்தில், 20 முதல் 60 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு ஆக்ஸான் தொடக்கப் பகுதி இருக்கும். நரம்புத் தூண்டல் பெரும்பாலும் பிறப்பது இங்கேதான். சவ்வுக்குச் சற்றுக் கீழே ஆங்கிரினைப் பென்சிலால் போடுங்கள். அதற்கு மேலே, சவ்வில், சோடியம் கால்வாய்கள், கே.சி.என்.க்யூ. வகைப் பொட்டாசியம் கால்வாய்கள், நியூரோஃபாசின் என்ற ஒட்டுப் புரதம். கீழே பீட்டா-4 ஸ்பெக்ட்ரின் என்ற சட்டகப் புரதம். அது ஆக்டின் என்ற இழைப் புரதத்தின் வளையங்களைக் கோத்து நிற்கிறது. வளையத்துக்கு வளையம் சுமார் 190 நானோமீட்டர். ஆக்ஸானில் இந்த ஒழுங்கு நுண்ணோக்கியில் தெரியவந்ததே 2013-இல்தான்.

இப்போது ஆங்கிரினை மட்டும் ரப்பரால் அழியுங்கள். சோடியம் கால்வாய்கள் பிடிமானம் இழந்து கலைகின்றன. பீட்டா-4 ஸ்பெக்ட்ரினும் அங்கே சேர்வதில்லை. அதைவிட வியப்பு, டெண்ட்ரைட்டுக்கு (நியூரானின் தகவல் வாங்கும் கிளைக்கு) உரிய மேப்-2 போன்ற புரதங்கள் ஆக்ஸானுக்குள் நுழைகின்றன. வளர்ப்புத் தட்டில் ஆங்கிரின்-ஜி-யைக் குறைத்தபோது ஆக்ஸானே டெண்ட்ரைட்டின் சாயலைப் பெற்றது. கால்வாய்களைக் கட்டி வைக்கும் இந்தப் புரதம்தான் ஆக்ஸானை ஆக்ஸானாகவும் காக்கிறது. எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

நியூரான் வளரும்போது முதலில் வந்து சேர்வது ஆங்கிரின். கால்வாய்கள் அதைத் தேடி வருகின்றன. நெட் தேர்வின் பகுதி 'சி'-யில் எது முதலில், எது பின்னால் என்று சுற்றி வளைத்துக் கேட்டால் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நியூரானில் இந்தப் பொறுப்பை முக்கியமாக ஏற்பது ஆங்கிரின்-ஜி-யின் 480 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) வடிவம். எண்களில் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆங்கிரின் குடும்பம் முதலில் அறியப்பட்டது சிவப்பணுவில். அங்கே அதே குடும்பத்தின் ஆங்கிரின்-1, ஸ்பெக்ட்ரினைச் சவ்விலுள்ள பேண்ட்-3 புரதத்துடன் இணைக்கிறது. அது பழுதானால் அணு உருண்டையாகி, பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய் வரும். அந்தப் படத்தையும் அதே தாளில் பக்கத்தில் வரையுங்கள். பேண்ட்-3 நிற்கும் அதே இடத்தில், நியூரானில் சோடியம் கால்வாய் நிற்பது தெரியும்.