அடுத்த மேக் மினிக்கு எவ்வளவு எடுத்து வைக்கலாம்?

நேற்று இரவும் வீடியோ எடிட் செய்யும்போது என் பழைய கணினி உறைந்து போனது. விசிறி மட்டும் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. சரி, ஆப்பிளின் சின்ன மேசைக் கணினியான மேக் மினி, புது எம்5 சிப்போடு வந்ததும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சிப் 2025 அக்டோபரிலேயே மேக்புக் ப்ரோவில் வந்துவிட்டது. முந்தைய எம்4 சிப்பில் நொடிக்கு 120 ஜிபியாக இருந்த ராம் (தற்காலிக நினைவகம்) வேகம் அதில் 153. எனக்கு இதுதான் முக்கியம். பெட்டியின் வடிவம் மாறாது என்று நினைக்கிறேன், 2024இல்தானே 12.7 சென்டிமீட்டர் சதுரமாகச் சுருக்கினார்கள். அடியில் ஒளித்து வைத்த பவர் பட்டனையாவது வெளியே எடுத்தால் புண்ணியம்.

விலைதான் உதைக்கிறது. எம்4 மேக் மினி இங்கே மலேசியாவில் 2,499 வெள்ளியில் தொடங்கியது: 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு. இப்போது ஏஐ டேட்டா சென்டர்கள் ராம் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன, விலை ஏறிக் கிடக்கிறது. சேமிப்பை 512 ஆக்கிவிட்டு 2,799 வெள்ளி கேட்பார்கள் என்பது என் ஊகம். 3,000ஐத் தாண்டினால் நேராகக் கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடை வளாகத்துக்குப் போய் செகண்ட் ஹேண்ட் எம்4 தேட வேண்டியதுதான்.

வீட்டம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.