ஒரு பாலத்தின் வயதைத் திருத்திய கதை

எங்கள் ஊர் ஆற்றுப்பாலம் கட்டப்பட்டது 1926இல். கைப்பிடிச் சுவரில் பதித்த கல்லிலேயே ஆண்டு இருக்கிறது. சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்து மங்கிவிட்டாலும் விரலால் தடவினால் தெரியும். யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியாவில் மட்டும் அது 1962. எவரோ இலக்கங்களை இடம் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். கணக்குத் தொடங்கி, மாற்றிச் சேமித்தேன்.

மறுநாளே பழையபடி 1962. ‘சான்று இல்லை’ என்று ஒரு குறிப்பு. கல்லைப் படமெடுத்து ஏற்றினேன். மங்கிய எழுத்தை நீங்கள் படித்தது உங்கள் சொந்த ஆய்வு, அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்றார் அங்கிருந்த தன்னார்வலர். கல்லில் வெட்டியது போதாது, காகிதத்தில் அடித்தது வேண்டுமாம்!

பெரியவர்களுக்கும் இதே கதிதான். 2012இல் அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத், தன் நாவலின் நாயகனுக்கு யார் முன்மாதிரி என்று தானே சொல்லியும் ஆங்கில விக்கிப்பீடியா வேறு சான்று கேட்டது. அவர் நியூயார்க்கர் இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். நான் எங்கே போவது?

எரிச்சலூட்டியது இன்னொன்று. 1962க்குச் சான்று இருந்தது: ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பு. சந்தேகப்பட்டு, யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும், கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தை அடிவரை புரட்டினேன். 1962 என்ற எண்ணை 2011இல் பெயரில்லாத ஒருவர் ஆதாரமின்றிச் சேர்த்திருந்தார். நாளிதழ்க் கட்டுரை வந்ததோ 2016இல். ‘ஊர் மக்களின் நெடுநாள் கனவு’ என்பது வரை வரிக்கு வரி ஒன்றே. களஞ்சியத்தைப் பார்த்து நாளிதழ் எழுதியது. அந்த நாளிதழே களஞ்சியத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. அவை பலர் தேடிப் படிக்கும் பொருள்கள். சிற்றூர்ப் பாலத்தை யார் சரிபார்க்கிறார்கள்?

திருத்தப் போகிறவர்கள் முதலில் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதை அழுத்துங்கள். பிழை நுழைந்த தேதியையும் சான்று வெளியான தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாற்றி மாற்றிப் போட்டு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீளமைத்தால் (பழையபடி மாற்றினால்) தடை விழும். உரையாடல் பக்கத்தில் பொறுமையாக எழுதுங்கள்.

எனக்குத் தேவைப்பட்டது 1962க்கு முன் அச்சான ஏதோ ஒரு நூலில் பாலத்தின் பெயர். நூலகம் ஒன்றில் பழைய மாவட்டக் கெசட்டியர் (மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்) இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில். போன பஸ்ஸிலேயே திரும்பினேன். கடைசியில் 1930களில் வந்த கெசட்டியர் இணைப்பு நூல் ஒன்று, ஸ்கேன் செய்த படங்களாக இணையத்திலேயே கிடைத்தது. பாலங்களின் அட்டவணையில் எங்கள் ஆறு, எங்கள் ஊர், எதிரே 1926. பக்க எண்ணுடன் உரையாடல் பக்கத்தில் வைத்தேன். பக்க எண் இல்லாமல் மட்டும் போய்விடாதீர்கள்.

என்னை மறுத்த அதே தன்னார்வலர் அன்று மாலையே ஆண்டை மாற்றி, ஞாயிறு இணைப்பையும் சான்றிலிருந்து நீக்கிவிட்டார். நாளிதழுக்கு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதிலில்லை. ஆங்கிலப் பக்கத்தில் இன்னும் 1962தான்; அங்கும் சான்று அதே ஞாயிறு இணைப்பு. இந்த வாரம் அங்கே எழுதப் போகிறேன்.